ஹாட் ராட் வாங்கப் போறவங்க பெயிண்ட்ட விடுங்க, பாகமும் பாகமும் சேர்ற இடத்த பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க ஞாயிறு மலர்ல அமெரிக்க ஹாட் ராட் கார்கள பத்தி, அதாவது பழைய கார வேகமா ஓடுறதுக்காக வேற வேற காரோட பாகங்கள போட்டு மாத்திக் கட்டுறத பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். படமெல்லாம் அருமை, அந்த கருப்பு 1932 ஃபோர்டு ரோட்ஸ்டர் (மேல திறந்த கார்) படத்த வெட்டி எடுத்தே வச்சிருக்கேன். ஆனா கடைசில ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தீங்க பாருங்க, விலைக்கு வர்ற ஹாட் ராட் தரமா கட்டினதானு எப்படி கண்டுபிடிக்கிறதுனு, அதுல பெயிண்ட் மினுமினுப்பு, குரோம், இன்ஜின் குதிரைத்திறன், எந்தெந்த கம்பெனி பார்ட்ஸ் போட்டிருக்காங்கன்ற லிஸ்ட், இந்த நாலும் நல்லா இருந்தா தைரியமா வாங்கலாம்னு இருந்துச்சு. அத படிச்சதுல இருந்து மனசு கேக்கல, அதான் எழுதுறேன். நான் அமெரிக்காவுல வெல்டிங் வேலை பாக்குறவன், தெரிஞ்சவங்க யாராவது இந்த மாதிரி கார் பாக்க போனா என்னையும் கூட்டிட்டு போவாங்க, பாராட்டு சொல்றதுக்கு இல்ல, அடியில படுத்து பாக்குறதுக்கு.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். ஒரு கம்பெனி கார்ல ஒவ்வொரு பாகமும் பக்கத்து பாகத்துக்குனு அளந்து செஞ்சது, டிசைன் பண்ணினவங்க ஒரு கூட்டம், டெஸ்ட் பண்ணினவங்க ஒரு கூட்டம். ஹாட் ராட் அப்படி இல்ல. 1932 ஃபோர்டு பாடி, அதுவும் பல தடவ புதுசா அச்சடிச்சது இல்லனா ஃபைபர்கிளாஸ், 1939க்கு அப்புறம் வந்த ஃபோர்டோட ஹைட்ராலிக் பிரேக், 1970கள்ல வந்த செவர்லே வேகா காரோட ஸ்டீயரிங் பாக்ஸ், செவர்லே 350 கியூபிக் இன்ச் இன்ஜின், பின்னாடி ஃபோர்டு 9 இன்ச் ஆக்சில், இப்படி நாலஞ்சு கார்ல இருந்து வந்ததுங்கள ஒருத்தர் தன்னோட கராஜ்ல உக்காந்து ஒண்ணா சேத்திருப்பாரு. ஒவ்வொரு பார்ட்டும் தனித்தனியா நல்ல பார்ட்தான், அதுல சந்தேகமே இல்ல. ஆனா இதுக்கும் அதுக்கும் நடுவுல இருக்கிற பிராக்கெட், அடாப்டர், வெல்டிங், போல்ட், இதெல்லாம் எந்த கம்பெனியும் டெஸ்ட் பண்ணல, அந்த ஒருத்தரோட மூளையும் கையும் மட்டும்தான் அதுக்கு கேரண்டி. அதனாலதான் பார்ட்ஸ் லிஸ்ட்ட பாத்து தரத்த முடிவு பண்ணாதீங்கனு சொல்றேன். நல்ல பார்ட்ஸ வாங்க பணம் போதும், சேக்குறதுக்குத்தான் புத்தி வேணும்.

இந்த கார் சமாச்சாரம் பொறந்த கதையும் அதேதான். கலிஃபோர்னியாவுல மியூராக், எல் மிராஜ் மாதிரி காஞ்ச ஏரிப் படுகைல வேகம் பாக்க பசங்க பழைய ஃபோர்ட எடுத்து தேவையில்லாதத கழட்டிப் போட்டு ஓட்டினாங்க, 1937ல அந்த கிளப்புகளெல்லாம் சேந்து எஸ்சிடிஏனு சங்கம் ஆரம்பிச்சு ஓட்டத்துக்கு ஒரு ஒழுங்கு கொண்டு வந்தாங்க. 1932ல வந்த ஃபோர்டு வி8 இன்ஜின் 221 கியூபிக் இன்ச், 65 குதிரைத்திறன், அவ்வளவுதான். அந்த 65ஐ தாங்கணும்னு செஞ்ச ஃபிரேம்ல (காரோட அடிச்சட்டம்) இன்னைக்கு 350, 400 குதிரைத்திறன்னு உக்கார வைக்கிறாங்க. உங்க பெட்டிச் செய்தி அந்த 400ஐ பாத்து சந்தோஷப்படுது, எனக்கு அந்த 400ஐ பாத்தவுடனே ஃபிரேம பாக்கணும்னு தோணுது.

அந்த காலத்து ஃபிரேம குறுக்கு வெட்டுல பாத்தா திறந்த சி வடிவம், உள்பக்கம் காலியா இருக்கும். பெரிய இன்ஜின் போடுறவங்க அந்த திறந்த பக்கத்துல தகடு வச்சு மூடி வெல்ட் பண்ணி பெட்டி மாதிரி ஆக்கிடுவாங்க, அது சரியான வேலைதான். அத எப்படி பண்ணிருக்காங்கனு பாக்கணும். என் தொழில் இதுங்கிறதால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். நல்ல வெல்ட் ஒரே அகலத்துல சீரா ஓடும், ரெண்டு ஓரமும் இரும்புக்குள்ள கரைஞ்சு இறங்கின மாதிரி இருக்கும். மேல உருண்டு மணி மணியா உக்காந்திருந்தா அது உள்ள இறங்கவே இல்ல, சும்மா ஒட்டிக்கிட்டு இருக்கு. ஓரத்துல பள்ளம் விழுந்திருந்தா சூடு அதிகமாகி பக்கத்து இரும்ப அரிச்சிருக்குனு அர்த்தம், அந்த பள்ளத்துல இருந்துதான் பின்னாடி விரிசல் ஓடும். குட்டி குட்டியா ஓட்டை தெரிஞ்சா வெல்டிங்ல விடுற வாயு சரியா வரல இல்ல இரும்ப சுத்தம் பண்ணாம அடிச்சிருக்காங்க. இதெல்லாம் கண்ணுக்கு தெரியற கேஸ். தெரியாத கேஸ் எதுன்னா வெல்ட்ட கிரைண்டர் போட்டு வழவழனு தேச்சு, மேல பட்டி வச்சு, பெயிண்ட் அடிச்சு கண்ணாடி மாதிரி வச்சிருப்பாங்க. பாக்க ரொம்ப அழகா இருக்கும், ஷோ கார்ல எல்லாரும் பண்றதுதான், தப்புனு சொல்ல வரல. ஆனா தேச்சதுக்கு அப்புறம் அடியில என்ன இருக்குனு நானும் சொல்ல முடியாது, யாரும் சொல்ல முடியாது. அந்த மாதிரி இருந்தா பெயிண்ட்டுக்கு முன்னாடி எடுத்த போட்டோ கேளுங்க. ஒழுங்கா கட்டினவங்க கிட்ட போட்டோ இருக்கும், கேக்காமலே எடுத்து காட்டுவாங்க, நிறுத்த சொன்னாலும் நிறுத்த மாட்டாங்க.

அடுத்தது போல்ட். இத சொன்னா சிரிப்பாங்க, ஆனா டார்ச் அடிச்சு போல்ட் தலைய பாத்தாலே கட்டினவரு எப்படிப்பட்டவருனு பாதி தெரிஞ்சிடும். அமெரிக்க இஞ்ச் போல்ட் தலைல மூணு கோடு இருந்தா கிரேடு 5, ஆறு கோடு இருந்தா கிரேடு 8, கோடே இல்லனா சாதாரண ரகம். சஸ்பென்ஷன்லயும் ஸ்டீயரிங்லயும் கோடு இல்லாத போல்ட்ட பாத்தா நான் அப்பவே எழுந்துடுவேன். இதுல ஒரு வில்லங்கம் இருக்கு, பளபளனு பாலிஷ் போட்ட ஸ்டெயின்லெஸ் போல்ட். பாலிஷ் போடும்போது தலைல இருக்கிற குறியும் சேந்து போயிடும், அதுபோக கடைல கிடைக்கிற சாதாரண ஸ்டெயின்லெஸ் கிரேடு 8 அளவுக்கு தாங்காது. ஃபெண்டர புடிக்கிறதுக்கு போடட்டும், ஆக்சில புடிக்கிற இடத்துல வேண்டாம். நட்டுக்கு வெளிய ஒண்ணு ரெண்டு மரையாவது போல்ட் நீட்டிட்டு இருக்கணும், நட்டுக்குள்ளயே முடிஞ்சிருந்தா கைல கிடைச்ச நீளத்த போட்டு முறுக்கி விட்டிருக்காங்கனு புரிஞ்சுக்கலாம்.

இப்ப ஸ்டீயரிங். நேரான முன் ஆக்சில், அதுக்கு மேல குறுக்க போற ஒத்த ஸ்பிரிங், இது பழைய ஃபோர்டோட அமைப்பு. அந்த ஸ்பிரிங் ரெண்டு முனைலயும் ஷேக்கிள்னு ஒரு ஆடுற இணைப்புல தொங்குறதால ஆக்சில் கொஞ்சம் இடம் வலம் ஆடும். அதுல வேகா பாக்ஸ போட்டு ஸ்டீயரிங் ராட குறுக்க கொண்டு போனா, ஆக்சில் ஆடும்போதெல்லாம் நீங்க திருப்பாமலே சக்கரம் திரும்பும். அத தடுக்க ஃபிரேமுக்கும் ஆக்சிலுக்கும் நடுவுல பேன்ஹார்டு பார்னு ஒரு கம்பி போடுவாங்க, அது ஸ்டீயரிங் ராடுக்கு இணையா, முடிஞ்சவரைக்கும் அதே நீளத்துல இருக்கணும், இல்லனா பள்ளம் மேடுல கார் தன்னால ஒரு பக்கம் இழுக்கும். இது இல்லாமலே ஓடுற கார் நிறைய இருக்கு, ஓட்டுறவங்க பழகிட்டு ஒண்ணும் ஆகாதுனு சொல்வாங்க, சொல்லட்டும். நான் பாத்த ஒரு கார்ல பேன்ஹார்டு பார் இருந்துச்சு, குரோம் போட்டு ஜம்முனு, ஆனா ஸ்டீயரிங் ராடு ஒரு பக்கம் சாய்ஞ்சா இது எதிர்ப்பக்கம் சாய்ஞ்சு ரெண்டும் பெருக்கல் குறி மாதிரி நின்னுச்சு. அத மாட்டினவருக்கு கம்பி எதுக்குனே தெரியல, படத்துல பாத்து மாட்டிருக்காரு. வித்தவரு அந்த கம்பியையும் பார்ட்ஸ் லிஸ்ட்ல பிராண்ட் பேரோட எழுதி வச்சிருந்தாரு!

ஸ்டீயரிங் தண்டு இன்ஜினயும் எக்சாஸ்ட்டயும் சுத்தி வளைஞ்சு போக யூ ஜாயிண்ட்னு வளைஞ்சபடியே சுத்துற இணைப்பு போடுவாங்க. ஒரு சாதாரண ஜாயிண்ட் 35 டிகிரிக்கு மேல வளையக்கூடாது, ரெண்டுக்கு பதிலா மூணு ஜாயிண்ட் போட்டா நடுவுல தண்ட தாங்கி புடிக்க ஒரு பேரிங் வேணும், இல்லனா தண்டு சாட்டை மாதிரி ஆடும். ஜாயிண்ட்ட புடிக்கிற செட் ஸ்குரூ தண்டுல ஒரு சின்ன குழி போட்டு அதுக்குள்ள இறங்கிருக்கணும், மேல லாக் நட்டு இருக்கணும். இஞ்சின் ஆஃப்ல இருக்கும்போது ஒருத்தர உள்ள உக்கார வச்சு வீல லேசா இடம் வலம் அசைக்க சொல்லிட்டு கீழ இருந்து ஒவ்வொரு ஜாயிண்டா கைய வச்சு பாருங்க, எங்க லூஸ் இருக்குனு விரலே சொல்லிடும். ஸ்டீயரிங் ஆர்ம் வெட்டி ஒட்டினதா இருந்தா, இல்ல சூடு பண்ணி வளைச்சு குரோம் போட்டிருந்தா எனக்கு ரொம்பவே பயம். குரோம் போடும்போது உறுதியான இரும்புக்குள்ள ஹைட்ரஜன் புகுந்து நொறுங்கற தன்மை வரும், போட்டவுடனே சரியான முறைல சூளைல வச்சு அத வெளியேத்தணும், அத செஞ்சாங்களானு பளபளப்ப பாத்து சொல்லவே முடியாது.

பிரேக்ல டிஸ்க் இருக்கு அப்புறம் என்ன பயம்னு கட்டுரைல ஒரு வரி. டிஸ்க் சக்கரத்துல இருக்கு சார், பிரச்சினை வர்றது வழில. பிரேக் பைப்புக்கு இரும்பு இல்லனா நிக்கல் கலந்த காப்பர் பைப் போடணும், வெறும் காப்பர் ஆட்டத்துல இறுகி விரிசல் விட்டுடும். பைப் முனை 45 டிகிரில ரெண்டு மடிப்பா விரிச்சிருக்கணும். ரேஸ் கார் பாணில ஏஎன்னு ஒரு ரக பைப் இணைப்பு போடுறவங்களும் இருக்காங்க, அது 37 டிகிரி. இது ரெண்டையும் கலந்து மாட்டி ஸ்பேனர் போட்டு இறுக்கி விட்டா அன்னைக்கு ஒழுகாது, ஒரு நாள் கட்டாயம் ஒழுகும். தண்ணி குழாய்க்கு போடுற கம்ப்ரஷன் ஃபிட்டிங் பிரேக் லைன்ல தெரிஞ்சா பேச்சே வேண்டாம், நன்றி சொல்லிட்டு கிளம்பிடுங்க. மாஸ்டர் சிலிண்டர், அதாவது பெடல் மிதிச்சா பிரேக் ஆயில தள்ளுறது, கால் வைக்கிற தளத்துக்கு அடியில இருக்கிற கார்ல ஆயில் சக்கரத்துல இருந்து திரும்பி கீழ வடியும், அத தடுக்க டிஸ்க்குக்கு 2 பவுண்டு, டிரம்முக்கு 10 பவுண்டு அழுத்தம் நிறுத்தி வைக்கிற வால்வு லைன்ல போடுவாங்க. அது இல்லனா முதல் மிதிக்கு பெடல் ஆழமா இறங்கும், ரெண்டாவது மிதிக்கு நிக்கும். விக்கிறவங்க பழக்கதோஷத்துல ரெண்டு தடவ மிதிச்சுதான் காட்டுவாங்க, நீங்க உக்காந்து ஒரு தடவ மிதிச்சு பாருங்க. இன்னொண்ணு, ஒரே அறை உள்ள பழைய மாஸ்டர் சிலிண்டர்னா எங்கயாவது ஒரு இடத்துல ஒழுகினா நாலு சக்கரத்துக்கும் பிரேக் போச்சு, பழமை மாறாம கட்டினதுனு பெருமையா சொல்வாங்க, அந்த ஒரு விஷயத்துல பழமை வேண்டாம்.

கார தள்ளி நின்னு பக்கவாட்டுல பாத்து இன்னொரு கணக்கும் போடலாம். டயர் மொத்தமா காத்து போயிடுச்சுனு வச்சுக்கோங்க, அப்ப ரிம் தரைல நிக்கும். ரிம்மோட அடி விளிம்புகள சேத்து ஒரு கோடு இழுத்தா அந்த கோட்டுக்கு கீழ ஸ்டீயரிங் ராடோ ஆயில் சம்ப்போ பிரேக் பைப்போ எதுவும் தொங்கக்கூடாது. தாழ்வா இருந்தாத்தான் அழகுனு இறக்கி இறக்கி கடைசில இந்த கோட்ட மறந்துடறாங்க. டயர் பக்கத்துல இருக்கும்போதே டாட்னு ஆரம்பிக்கிற எழுத்து வரிசையோட கடைசி நாலு எண்ண பாருங்க, 2314னு இருந்தா 2014ஆம் வருஷம் 23வது வாரம் செஞ்சது. ஷோவுக்கு மட்டும் போற காருக்கு டயர் தேயவே தேயாது, புதுசு மாதிரி இருக்கும், ரப்பர் மட்டும் வயசாகி காஞ்சு போயிருக்கும்.

பாடிய பத்தி நிறைய பேர் எழுதிட்டாங்க, நான் சுருக்கமா சொல்றேன். துணி சுத்தின சின்ன காந்தத்த மெதுவா ஓட்டி பாருங்க, எங்க புடிப்பு விடுதோ அங்க பட்டி கனமா இருக்கு. கூரைய வெட்டி தாழ்த்தின கார்ல கொஞ்சம் பட்டி இருக்கத்தான் செய்யும், அதுக்காக சண்ட போடாதீங்க. கதவ திறந்து மூடும்போது பூட்டுற இடத்துல கதவு மேல ஏறி உக்காந்தா கீல் தொங்குது, இல்ல பாடிக்குள்ள பலம் பத்தல. விக்கிறவரு சம்மதிச்சா முன்னாடி ஒரு மூலைய ஜாக்கி போட்டு தூக்கிட்டு கதவ திறந்து பாருங்க, இடைவெளி மாறினா ஃபிரேம் முறுக்குதுனு அர்த்தம், இத விட நல்ல டெஸ்ட் எனக்கு தெரியாது. ஃபைபர்கிளாஸ் பாடில கரண்ட் ஓடாது, அதனால ஒவ்வொரு லைட்டுக்கும் தனியா எர்த் வயர் வேணும். ராத்திரில ஹெட்லைட் போட்டுட்டு இண்டிகேட்டர போட்டா டேஷ்போர்டு சேந்து மினுக்குச்சுனா எர்த்ல கோளாறு. வயர் ஃபயர்வால்ல ஓட்டை வழியா போற இடத்துல ரப்பர் வளையம் இருக்கானு பாருங்க, இன்சுலேஷன் டேப் சுத்தி சுத்தி வச்சிருந்தா டேஷ்போர்டுக்கு அடியில தலைய விட்டு மிச்சத்தையும் பாத்துடுங்க.

இன்ஜின பத்தி ஒரே வார்த்தை, நீங்க வரதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டாம்னு சொல்லிட்டு போங்க, போனவுடனே பானட்ட தொட்டு பாருங்க. அப்புறம் ஓட விட்டு நின்ன இடத்துலயே நல்லா சூடேற விடுங்க, ஒல்லியான ரேடியேட்டர் பின்னாடி பெரிய இன்ஜின திணிச்ச கார் ஹைவேல கூலா போகும், சிக்னல்ல நின்னாத்தான் சாயம் வெளுக்கும்.

பரிசு வாங்கின கார்னு கட்டுரைல ரெண்டு இடத்துல வருது. ஓக்லண்டுல 1950ல ஆரம்பிச்ச அமெரிக்காவோட அழகான ரோட்ஸ்டர் பரிசு ரொம்ப பெரிய மரியாதை, நான் குறை சொல்லல. அந்த மாதிரி ஷோவுல காருக்கு கீழ கண்ணாடி விரிச்சு வச்சிருப்பாங்க, உங்க போட்டோலயே ஒரு கார்ல தெரியுது, அங்கயும் கீழ பாக்குறவங்கதான் விவரமானவங்க. ஆனா ஷோவுல ஜெயிக்க கட்டின கார் வேற, தினம் ரோட்டுல ஓட்ட கட்டின கார் வேற. டிரெய்லர்லயே போய் டிரெய்லர்லயே வந்த கார்ல போல்ட் லூஸ் ஆகிறதுக்கு சந்தர்ப்பமே வந்திருக்காது. என்ன கேட்டா கொஞ்சம் பெயிண்ட் கல்லடி பட்டு, பல ஆயிரம் மைல் ஓடி, வழில வந்த கோளாறெல்லாம் சரி பண்ணின காருக்குத்தான் கூட விலை குடுப்பேன். என்எஸ்ஆர்ஏனு தெரு ராட் சங்கம் ஒண்ணு இருக்கு, அவங்க நிகழ்ச்சிகள்ல ஸ்டீயரிங், பிரேக், லைட்னு 23 விஷயத்த சோதிச்சு பாத்து ஸ்டிக்கர் குடுப்பாங்க. அது சர்டிஃபிகேட் இல்லதான், ஆனா ஒட்டிருந்தா அந்த காருக்கு அடியில வேற ஒரு ஆளோட கண்ணும் போயிருக்குனு தெரியும்.

காகிதமும் சேர்ற இடம்தான். 1932 ஃபோர்டுக்கு நம்பர் ஃபிரேம்ல இடது பக்கம் மேல அடிச்சிருப்பாங்க, வி8 வண்டினா 18ல தொடங்கும், நாலு சிலிண்டர்னா ஏபினு தொடங்கும். டைட்டில்ல (கார் யாரோடதுனு காட்டுற பத்திரம்) இருக்கிற நம்பரும் ஃபிரேம்ல இருக்கிற நம்பரும் ஒண்ணானு பாக்காம பணம் குடுக்காதீங்க. புது ஃபிரேம், புது பாடி வச்சு போன வருஷம் கட்டினத ஒரு மாநிலம் 1932னு பதிஞ்சிருக்கும், நீங்க கொண்டு போற மாநிலம் அத ஒத்துக்கணும்னு கட்டாயம் இல்ல. கலிஃபோர்னியாவுல இந்த மாதிரி தனியா கட்டின கார்ல வருஷத்துக்கு 500 வண்டிக்குத்தான் புகை சோதனைல சலுகை குடுக்கிறாங்க, அத தெரியாம வேற மாநிலத்துல இருந்து வாங்கிட்டு வந்து நம்பர் பிளேட் கிடைக்காம கராஜ்லயே நிறுத்தி வச்சிருக்கிறவங்க உண்டு.

அந்த பெட்டிச் செய்திய அடுத்த வாரம் திருத்தி போட்டீங்கனா நல்லா இருக்கும் சார். இடம் பத்தலனா குதிரைத்திறன் வரிய தூக்கிட்டு அங்க பிரேக் லைன பத்தி ரெண்டு வரி போடுங்க, கூடவே அந்த கருப்பு ரோட்ஸ்டரோட அடிப்பக்க போட்டோ உங்க போட்டோகிராஃபர் எடுத்திருந்தா அதையும் போடுங்க. அத பாக்க எனக்கும் ஆசையா இருக்கு.

இப்படிக்கு,
அமெரிக்காவில் இருந்து ஒரு வெல்டர் வாசகர்